கியர்ப்பெட்டிக்கு 90 விடுங்கோ என்று சொல்லுமுன்: வன்னியின் கராஜ்காரருக்கும் ஒயில் கடைக்காரருக்கும் ஒரு திறந்த மடல்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரையும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரையும், உள்ளே கிரவல் ரோட்டோரங்களிலும் மோட்டார் சைக்கிள் திருத்துகிற அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும், ஒயில் விற்கிற முதலாளிமாருக்கும் வணக்கம்.

நானும் இந்தத் தொழில்தான். கிளிநொச்சிப் பக்கம் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். கியர்ப்பெட்டி பிரிக்கவென்று என்னிடம் வருகிற வண்டிகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. கியர் இறுக்கமாக விழுகிறது, நியூற்றல் பிடிக்க முடியவில்லை என்று ஒருவர் எங்கோ ஒரு கராஜுக்குப் போயிருப்பார். "எஞ்சின் ஒயில் மெல்லிசு, கியருக்குத் தடிச்ச ஒயில்தான் சரி, 90 விடுங்கோ" என்று பதில் கிடைத்திருக்கும். வீட்டில் உழவு இயந்திரத்துக்கு வாங்கி வைத்த 90 நம்பர் கியர் ஒயில் மிச்சமிருக்கும், சில வீடுகளில் 140 கூட இருக்கும். அதுவே எஞ்சினுக்குள் போய்விடும்.

அண்மையில் வந்த ஒரு 100 சிசி வண்டியைச் சொல்கிறேன். அடியிலுள்ள நட்டைக் கழற்றியதுமே கியர் ஒயிலின் அந்தக் கந்தக மணம் மூக்கில் ஏறியது. கிளச்சைப் பிரித்தால் பிளேற்றுகளின் முகம் பளபளத்து வழுக்குகிறது, இடையிலுள்ள இரும்புப் பிளேற்றுகளில் சூட்டால் நீலம் பாய்ந்திருக்கிறது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்பது சொந்தக்காரரின் முறைப்பாடு. கியர்ப் பற்களைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நம்பரைச் சொல்லுமுன் அந்தப் பெட்டிக்குள் கியரோடு வேறு என்னென்ன குளிக்கிறது என்று பாருங்கள். ஊற்றியதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

நம்மிடம் ஓடுகிற நாலு ஸ்ரோக் வண்டிகளில், ஹொண்டாவின் எம்.டி. 90 ஆகட்டும், சிடி 125 ஆகட்டும், பஜாஜ், ஹீரோ, டிவிஎஸ் ஆகட்டும், எஞ்சினும் கியர்ப்பெட்டியும் கிளச்சும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. பிஸ்டனுக்குப் போகிற அதே ஒயில்தான் கியர்ப் பற்களிலும் தெறிக்கிறது, கிளச் பிளேற்றுகளுக்கு இடையிலும் ஊறுகிறது. எம்.டி. 90 இல் கையால் பிடிக்கிற கிளச் இல்லை என்பதால் சிலர் அதை விதிவிலக்காக நினைக்கிறார்கள். அதன் கிளச்சும் ஒயிலுக்குள்தான் இருக்கிறது. இந்த வண்டிகளுக்குக் கியர் ஒயில் என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது.

அடுத்தது நம்பர். கியர் ஒயில் கானில் இருக்கிற 90 உம் எஞ்சின் ஒயில் கானில் இருக்கிற 50 உம் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல. இரண்டையும் வகுத்தது எஸ்ஏஇ என்ற பொறியியலாளர் சங்கம்தான், ஆனால் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை. யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு என்பார்கள், நம்மிடம் அதுவே ஒரு ஏக்கர். 16 பெரிய எண் என்பதற்காகக் காணி கூடிவிடாது. 100 பாகை சூட்டில் கியர் ஒயில் 90 இன் பாகுநிலை, அதாவது தடிப்பு, 13.5 இலிருந்து 18.5 சென்ரிஸ்ரோக் (தடிப்பை அளக்கும் அலகு) வரை. எஞ்சின் ஒயில் 40 என்றால் 12.5 இலிருந்து 16.3 வரை, 50 என்றால் 16.3 இலிருந்து 21.9 வரை. ஆகவே 90 என்பது எஞ்சின் ஒயிலின் 40 க்கும் 50 க்கும் நடுவில் கிடக்கிறது. இரட்டை நம்பரில் பின்னதுதான் சூட்டில் உள்ள தடிப்பு. தடிப்புக் கூடட்டும் என்று 20-50 ஐ வடித்துவிட்டு 80-90 விட்டவர், பல நேரம் உள்ளதையும் கொஞ்சம் மெல்லிசாக்கியிருப்பார்! 140 தான் உண்மையில் தடித்தது, 24 க்கு மேலே போகும். அதை எஞ்சினுக்குள் விடுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் 80-90 விட்டால் என்ன கெடுதி என்று கேட்பீர்கள். கெடுதி தடிப்பில் இல்லை, சேர்மானத்தில் இருக்கிறது. பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் உலோகம் உரசாமல் இருக்கக் கியர் ஒயிலில் கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த மருந்து கலக்கிறார்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று கானில் இருப்பது இந்த மருந்தின் வலுவைத்தான் சொல்கிறது. தடிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜிஎல்-5 இல் மருந்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் சில வகைகள் சூட்டில் பித்தளை, வெண்கல புஷ்களை அரிக்கும். எஞ்சினுக்குள் எரிகிற கரியைக் கழுவி ஏந்துகிற மருந்தோ கியர் ஒயிலில் இல்லை. கிளச் பிளேற் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்குகிறது, எஞ்சினுக்குள் கரி படிகிறது.

அதனால் கானை எடுத்தால் நம்பரோடு ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒயிலில் ஊறுகிற கிளச்சுக்கு அதுதான் அடையாளம். எம்பி என்று இருந்தால் அது உலர் கிளச் உள்ள ஸ்கூட்டிகளின் எஞ்சினுக்கு. கார் ஒயில் விலை குறைவு என்று வாங்குகிறவர்கள், கானின் பின்பக்கம் இருக்கிற ஏபிஐ என்ற அமெரிக்கத் தர முத்திரை வட்டத்தின் கீழ்ப்பாதியை வாசியுங்கள். சிக்கனம் என்ற பொருளில் அங்கே ஏதும் எழுதியிருந்தால், உராய்வைக் குறைக்கிற மருந்து அதில் இருக்கக்கூடும். காருக்கு நல்லது, நம் கிளச்சுக்கு ஆகாது.

முன் நம்பர் (20-50 இல் 20) பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அது குளிர்நாட்டுக் கணக்கு. 20 என்று தொடங்குகிற எஞ்சின் ஒயிலை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் சோதிக்கிறார்கள், 10 என்று தொடங்குவதை 25 பாகை கீழே. மார்கழிப் பனியில் இரணைமடுப் பக்கம் போனாலும் நமக்கு அந்தக் குளிர் தெரியாது. பின் நம்பர்தான் நம் வெயிலுக்கு. வெயிலுக்கு 10-30 தண்ணி என்று எல்லோருக்கும் 20-50 விடுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. கம்பனி 10-30 என்று சொன்ன புது எஞ்சினில் ஒயில் வழிகளும் இடைவெளிகளும் அதற்கேற்றபடிதான். புகைக்கிற, ஒயில் குடிக்கிற பழைய எஞ்சினுக்கு 20-40, 20-50 விடுவது வேறு கதை, அதை நானும் செய்வதுண்டு.

சரி, கியர் ஏன் இறுகுகிறது? முதலில் கிளச் கேபிளைப் பாருங்கள். பெரும்பாலான சின்ன ஹொண்டாக்களில் லீவரின் நுனியில் 10 இலிருந்து 20 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் கிளச் முழுதாக விடாது, கியர் கடகடக்கும். பிறகு செயின். அப்புறம் கிளச் கூடையில் பிளேற்றுகள் வெட்டிய பள்ளங்கள். இதெல்லாம் சரியென்றால் குற்றவாளி பழைய ஒயில்தான். கியர்ப் பற்கள் ஒயிலை அரைத்து, அதன் தடிப்பைத் தாங்குகிற பொலிமர் இழைகளை அறுத்துவிடும். காரில் கியருக்குத் தனி ஒயில் என்பதால் எஞ்சின் ஒயிலுக்கு இந்த அடி இல்லை. 50 என்று போனது சில ஆயிரம் கிலோமீற்றர் கழித்து 50 ஆக இருக்காது. அதற்கு மருந்து அதே ஒயிலைப் புதிதாக மாற்றுவது. ஒயில் மாற்றுவது பிந்தப் பிந்த நம்பரை ஏற்றிக்கொண்டே போவது அல்ல.

அளவும் பாருங்கள். எம்.டி. 90 போன்ற வண்டிகளுக்கு ஒரு லீற்றர் கான் முழுதும் தேவையில்லை. மிச்சத்தை விட்டு எறிய மனமில்லாமல் உள்ளே ஊற்றுவது பலரின் வழக்கம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, ஹொண்டாக்களில் அளவுக்கம்பியைத் திருகாமல் வைத்து எடுத்துப் பாருங்கள்.

கியர்ப்பெட்டிக்குத் தனி ஒயில் உள்ள வண்டிகளும் நம்மிடம் உண்டு. இரண்டு ஸ்ரோக் யமஹாக்கள் அப்படி. ஆனால் அங்கேயும் கிளச் அதே ஒயிலில் ஊறுவதால், பல மாதிரிகளுக்குக் கம்பனி எழுதியது 10-30 எஞ்சின் ஒயில். கியர்ப்பெட்டி என்ற பெயரைக் கேட்டதும் 90 ஐ எடுத்துவிடாதீர்கள். ஸ்கூட்டிகளில் பின்சில்லோடு ஒரு சின்னக் கியர்ப்பெட்டி இருக்கிறது, 100 மில்லிலீற்றரைச் சற்றுத் தாண்டும் அளவு ஒயில்தான். வாங்கிய நாள் முதல் அதைத் தொடாத ஸ்கூட்டிகளைக் கண்டிருக்கிறேன். இங்கே கிளச் ஒயிலில் இல்லை, ஆகவே சில கம்பனிகள் 80-90 சொல்கின்றன, ஹொண்டா எஞ்சின் ஒயிலையே சொல்கிறது. கையேடு பார்க்காமல் இதை ஊகிக்க முடியாது. கையேடு இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருக்கும் ஒருவரைக் கேளுங்கள், என்னிடமும் சிலது இருக்கிறது.

கிடைத்ததை ஊற்றி ஓட்டிய காலம் நமக்கு இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாம். அந்தக் கைப்பக்குவத்தைப் பழிக்க எனக்கு எண்ணமில்லை, எனக்குத் தொழில் காட்டியவர்களே அவர்கள்தான். 2022 இல் விலை ஏறியபோது பழையபடி தண்ணீர்ப் போத்தலில் லூஸ் ஒயில் வாங்கத் தொடங்கினோம். இன்றும் அது நிற்கவில்லை. கடைக்கார அண்ணைமாரே, போத்தலில் வார்த்துக் கொடுப்பதென்றால் கொடுங்கள், ஆனால் அது எந்தக் கானிலிருந்து வார்த்தது, நம்பர் என்ன, எம்ஏ உண்டா இல்லையா என்று மார்க்கரால் போத்தலில் எழுதுங்கள். ஒயில் வாங்க வருவது பல நேரம் வீட்டுச் சின்னப் பிள்ளை. "கியர் ஒயில் தாங்கோ" என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். வண்டி என்ன என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

கராஜ்காரருக்கு: "20-50, எம்ஏ2, 900 மில்லி, இத்தனை கிலோமீற்றரில் மாற்றியது" என்று இரண்டு வரி எழுதிய துண்டை சீற்றுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். துண்டு அச்சடிக்க விரும்புகிறவர்கள் கேட்டால், என் கராஜில் பாவிக்கிற மாதிரியைத் தருகிறேன். பெயர் உள்ள இடத்தில் உங்கள் கராஜின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக்