பதவியேற்போடு படத்தை முடித்துவிடாதீர்கள்

அரசியல் தலைவர்களின் வாழ்க்கையைப் படமாக்கும் தமிழ் இயக்குநர்களுக்கும் திரைக்கதை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்ல வந்த ‘தலைவி’ 2021இல் வெளியானது. 1991இல் அவர் முதல்வராவதோடு கதை முடிந்துவிடுகிறது. சட்டமன்றத்தில் அவமானப்பட்டவர் அதே மன்றத்துக்கு முதல்வராகத் திரும்புகிறார். கைதட்டல் வாங்க அதைவிட நல்ல இடம் இல்லைதான். ஆனால் அவர் ஆட்சி செய்தது, தோற்றது, சிறைக்குப் போனது, மீண்டு வந்தது எல்லாம் அதற்கு அப்புறம். அந்தக் கால் நூற்றாண்டை யார் எடுக்கப் போகிறீர்கள்?

1991இல் எதிரணியைத் துடைத்தெறிந்த கட்சி 1996இல் நான்கே இடங்களில் வென்றது. பர்கூரில் அவரே தோற்றார். வளர்ப்பு மகனின் 1995ஆம் ஆண்டுத் திருமணத்தைப் பிரம்மாண்டமாகப் படம்பிடித்து, சோதனையில் கிடைத்த நகைகளையும் புடவைகளையும் அடுக்கிக் காட்டினால் வீழ்ச்சியைச் சொல்லிவிட்டதாக ஆகாது. அமைச்சர்கள் ஏன் காலில் விழுந்தார்கள், கெட்ட செய்தியை அவரிடம் கொண்டுபோகும் துணிச்சல் யாருக்கு மிச்சமிருந்தது என்று திரைக்கதை கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், 2003ஐயும் 2004ஐயும் வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை அரசு ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அவர் அணிக்குக் கிடைக்கவில்லை. முடிவுகள் வந்த கையோடு, மதமாற்றத் தடைச் சட்டம் உட்படத் தான் எடுத்த முடிவுகள் பலவற்றைத் தானே திரும்பப் பெற்றார். யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்று பெயர் வாங்கியவர் வளைந்த தருணம் அது. பயமா, கணக்கா, உண்மையிலேயே மனம் மாறினாரா? ஒரு நல்ல நடிகைக்கு இதைவிடப் பெரிய சவால் என்ன இருக்கிறது?

பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரைப் பற்றிய ‘தி அயர்ன் லேடி’ இன்னொரு பக்கம் வழுக்குகிறது. மெரில் ஸ்ட்ரீப்புக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த அந்த 2011ஆம் ஆண்டுப் படம், நினைவு தடுமாறும் முதுமையிலேயே அதிக நேரம் நிற்கிறது. அப்போது தாட்சர் உயிரோடுதான் இருந்தார். அவர் உண்மையில் வீழ்ந்தது 1990 நவம்பரில். மூன்று பொதுத்தேர்தல்களில் கட்சிக்கு வெற்றி தேடித் தந்தவர், கட்சித் தலைவர் பதவிக்கான தேர்தலின் முதல் சுற்றில் 204க்கு 152 என்று முன்னிலை பெற்றும், விதி கேட்ட வித்தியாசத்துக்கு நான்கு வாக்குகள் குறைந்து நின்றார். அப்புறம் அவருடைய அமைச்சர்களே ஒவ்வொருவராக வந்து, இனி ஜெயிக்க முடியாது என்று சொன்னார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரி மீதான மக்களின் கோபமும், சொந்த அமைச்சரவையை மதிக்காமல் நடத்தியதும் சேர்ந்து அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தின. இவ்வளவும் படத்தில் அவசரமாகக் கடந்துபோகிறது.

நோய் யாருக்கும் வரும். அதை வீழ்ச்சியாகக் காட்டினால் பார்ப்பவருக்குப் பரிதாபம் வரும், அரசியல் காணாமல் போகும். ஜெயலலிதாவின் 2016இன் அந்த 75 மருத்துவமனை நாட்களை எடுக்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

தொண்டர்கள் கோபப்படுவார்கள், வழக்கு வரும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும், சொத்துக்குவிப்பு வழக்கில் 2017இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. கற்பனையைக் குறைத்து ஆவணத்தின் மேல் நின்றால் உங்களுக்கும் பலம். 2003இல் வேலை பறிபோனவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டு வருகிறது. எழுத உட்காரும் முன் அவர்களைப் போய்ப் பாருங்கள். ஜெயலலிதாவை உயிராக நேசித்த தொண்டர்களையும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களுக்கு டிக்கெட் எடுக்கும் ஒரு ரசிகர்