அந்தத் தம்பிக்கு 600 லென்ஸ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழின் கேள்வி பதில் பகுதியில் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் எழுதியிருந்தார். வெளிநாட்டில் வேலை செய்யும் அக்கா அனுப்பிய ஒரு இலட்சம் ரூபா கையில் இருக்கிறது, தூரத்திலிருக்கும் பறவைகளையும் மிருகங்களையும் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். 600 மில்லிமீற்றருக்குக் குறைந்த எதுவும் பிரயோசனமில்லை, காசு போதாவிட்டால் தவணைக்கு வாங்குங்கள் என்று பதில் வந்திருந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். பரீட்சை விடைத்தாள்கள் வந்து குவிந்ததால் இன்றுதான் முடிந்தது. அந்தத் தம்பி இன்னும் வாங்கியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

நான் நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். 2019 முதல் லீவு நாட்களில் பறவைகளைப் படமெடுக்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் இதே ஆசையில் 150-600 லென்ஸ் ஒன்றைத் தவணைக்கு வாங்கினான். கிட்டத்தட்ட இரண்டு கிலோ பாரம். அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியவன் அரைவாசி நாட்களில் படம் எடுக்காமலே திரும்பினான். லயத்து வீட்டில் ஈரத் துணிகள் இருந்த அலுமாரியில் வைத்ததால் முதல் மழைக்காலத்திலேயே கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்தது. தவணை முடியுமுன் பாதி விலைக்கு விற்றான். மீதித் தவணையை அவனுடைய அம்மா கொழுந்தெடுத்த சம்பளத்தில் கட்டினார். அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தவணைக்கு வாங்குங்கள் என்ற வார்த்தை எனக்கு அவ்வளவு வலித்தது.

600 இருந்தால்தான் முடியும் என்பது கணக்குப்படியும் சரியில்லை. பறவையின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (600, 250 என்று மில்லிமீற்றரில் சொல்வது இதைத்தான்) பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுத்தால், கமராவுக்குள் அது எவ்வளவு பெரிதாக விழும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். கொண்டைக்குருவி அளவில் 20 சென்ரிமீற்றர் பறவை ஒன்று 50 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைப்போம். 600 லென்ஸில் அது 2.4 மில்லிமீற்றர் நீளத்துக்கு விழும். 400இல் 1.6, 250இல் 1 மில்லிமீற்றர். என் கெனன் 700டி கமராவில் படம் விழும் பரப்பின் அகலமே 22.3 மில்லிமீற்றர்தான். ஆக 600 வைத்திருப்பவருக்கும் அந்தப் பறவை ஒரு மூலையில் புள்ளிதான். அதே பறவை 20 மீற்றரில் வந்து உட்கார்ந்தால் 250 லென்ஸிலேயே 2.5 மில்லிமீற்றர் கிடைக்கும். தூரத்து 600ஐ விடக் கிட்டத்து 250 பெரிது. அந்த 2.5 மில்லிமீற்றருக்குள் என் கமராவில் ஏறக்குறைய 580 பிக்சல்கள், அதாவது படத்தை ஆக்கும் நுண்புள்ளிகள், அடங்கும். உங்கள் பத்திரிகையில் ஒரு பத்தி அகலத்துக்கு அச்சடிக்க அது போதும்.

அந்த 30 மீற்றரை நம் மலைநாட்டில் காசில்லாமல் சம்பாதிக்க முடியும். தேயிலைச் செடிகளைக் கத்தரித்து, கவ்வாத்து வெட்டிய மலையில் கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வரும். பத்து நிமிடம் பார்த்தாலே எந்தக் குச்சி என்று தெரிந்துவிடும். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு, அதில் அம்மாவின் பழையதை நான் கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே உட்காருவேன். கொழுந்தெடுக்கும் பெண்களைத் தினமும் பார்த்துப் பழகிய பறவைகள் படங்கு கட்டிய ஆளைக் கண்டு பறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத மடுவமும் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நல்ல இடம். அரைச் சுவரில் பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் முக்காலியே வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கே மரை மான்கள் வந்து நிற்கின்றன. அங்கே 250கூட அதிகம். (தயவுசெய்து அவற்றுக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள்.)

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிட்டப் போவது சிறுத்தைக்குப் பொருந்தாது. தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாட்டம் என்று கேள்விப்பட்டால் கமராவைப் பையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் சிக்கிப் பிறகு செத்துப்போன கருஞ்சிறுத்தையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் மலைகளில் அவை ஏற்கெனவே நெருக்கடிக்குள்தான் வாழ்கின்றன. படம் என்ற பெயரில் நாமும் துரத்தக் கூடாது.

அடுத்தது வெளிச்சம். பதில் எழுதியவர் இதைத் தொடவே இல்லை. நம் ஊரில் காலை ஏழு மணி வரைக்கும் மூடுபனி, மத்தியானம் திரும்பியதும் மறுபடி பனி. லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எஃப் எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் கூட வரும். எஃப் 5.6 லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தில் கால் பங்குதான் எஃப் 11 லென்ஸுக்குள் வரும். கெனனின் 600 எஃப் 11, 800 எஃப் 11 இரண்டும் 2020இல் வந்தபோது பாரம் குறைவு, விலையும் குறைவு என்று எனக்கும் ஆசை வந்தது. எஃப் 5.6இல் ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வைத்து எடுக்கும் ஒரு பனிக்காலைப் படத்தை, அதே ஷட்டர் வேகத்தில் எஃப் 11இல் எடுக்க 12800 வேண்டும். 3200இலேயே என் கமராவில் இறகின் கோடுகள் கரையத் தொடங்கிவிடும். நல்ல வெயிலுள்ள கீழ்நாட்டில் அந்த லென்ஸ்கள் நன்றாகவே வேலை செய்யும். அதோடு அவை கெனனின் புதிய மிரர்லெஸ் (உள்ளே ஆடியில்லாத) கமராக்களுக்கானவை. என்னுடையது போன்ற பழைய கமராவில் பொருந்தவே பொருந்தாது.

அந்தத் தம்பியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியதும் இதுதான்: கையில் இருப்பது என்ன கமரா? நிக்கோன் டி3200 வைத்திருப்பவர் புது மாதிரி ஏஎஃப்-பி 70-300 லென்ஸை வாங்கினால் அது குவியாது. டி3300, டி5300 போன்றவற்றில் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைப் போட்டால் கையால்தான் குவிக்க வேண்டும், அந்தக் கமராக்களுக்குள் மோட்டார் இல்லை. காசை எண்ணிக் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் எவ்வளவு வேதனை!

கெனன் கமரா என்றால் பழைய 55-250 எஸ்டிஎம் லென்ஸைத்தான் நான் சொல்வேன். 375 கிராம், பாடசாலைப் பையில் போகும். 2019இல் நான் 28,000 ரூபாவுக்கு வாங்கினேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு எல்லாம் விலை கூடிவிட்டது, ஆனாலும் அவர் கையில் இருக்கும் காசுக்குள் அடங்கும், மிச்சமும் வரும். பறவையின் பெயரை அடையாளம் காணப் படம் இருந்தால் போதும் என்றால் நிக்கோன் பி900 மாதிரி, லென்ஸும் சேர்ந்தே இருக்கும் கமராவும் நல்லது. 2000 மில்லிமீற்றருக்குச் சமமான தூரத்தை இழுத்துக் காட்டும். ஆனால் அதில் படம் விழும் பரப்பு என் கமராவில் உள்ளதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், பனியில் திணறும். கெனன் 400 எஃப் 5.6 எல்லாம் அடுத்த படி. அவசரமில்லை.

அந்த 400ஐ நான் சீட்டு எடுத்த காசில் கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன், பாவித்ததுதான். கடைக்காரர் முன் கண்ணாடியைத் துடைத்துக் காட்டினார், நானும் வெளியே மட்டும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்தபோதுதான் உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் தெரிந்தது. திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். கழற்றிச் சுத்தம் செய்ய 8,500 ரூபா போனது. வலை போனாலும் அது கண்ணாடிப் பூச்சை அரித்த தடம் போகவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் இன்றைக்கும் படம் வெளிறுகிறது. ஆகவே தம்பி, வாங்கும் இடத்திலேயே பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து, முன்பக்கமாகச் சரித்துப் பாருங்கள். நூல் நூலாகவோ மூட்டமாகவோ ஏதாவது தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். வாங்கிய பிறகு பெரிய உலர் பெட்டி எதுவும் தேவையில்லை. காற்றுப் புகாத சாப்பாட்டுப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அவற்றை அவ்வப்போது சூடாக்கிக் காயவைத்தால் திரும்பப் பாவிக்கலாம். பனிக்குள் போய் வந்தால் ஈரம் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

பெரிய லென்ஸால் கைவிட்டுப்போன படமும் உண்டு. ஒரு ஜனவரி மாலை, நுவரெலியா விக்டோரியா பூங்காவில் வடிகான் ஓரமாக 400ஐ வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆறுமணிக் குருவி தத்தித் தத்தி வந்து என் காலடியில், இரண்டரை மீற்றரில் நின்றது. அந்த லென்ஸ் 3.5 மீற்றருக்குக் கிட்ட உள்ளதைக் குவிக்காது. 55-250 வீட்டில், பெட்டிக்குள் இருந்தது. குருவியைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் அனுப்பும் படங்களை நீங்கள் வெளியிடும்போது, என்ன கமரா, என்ன லென்ஸ், எத்தனை மீற்றர் தூரம், எத்தனை மணி என்று கீழே ஒரு வரி போடுங்கள். ஆறு மாதம் அந்த வரிகளை வாசித்தாலே நம் பிள்ளைகளுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தானாகவே விளங்கிவிடும், யாரும் ஆலோசனை சொல்லத் தேவையில்லை. தவணை பற்றிய அந்தப் பதிலுக்கும் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் நன்றியாக இருப்பேன்.

அந்தத் தம்பியின் கமரா, 55-250 பொருந்தும் கெனனாக இருந்தால் ஒக்டோபருக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை நுவரெலியாவுக்கு வரச் சொல்லுங்கள். இமயமலைப் பக்கமிருந்து வரும் கருப்பு வெள்ளைப் பூங்குருவிகளும் காஷ்மீர் ஈப்பிடிப்பான்களும் அந்த மாதங்களில் விக்டோரியா பூங்காவில் இருக்கும். என் 55-250ஐ அன்று முழுக்க அவரிடமே கொடுக்கிறேன், பயறுப் பையையும் கொண்டுவருகிறேன். என் முகவரி உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருத்தி,
நானுஓயா.