நாற்பது பிளக்-இன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் கணினிப் பகுதியில் கோப்புகளை மேலாளும் டோட்டல் கமாண்டர் மென்பொருளுக்கான நாற்பது செருகுநிரல்களை (அதற்குக் கூடுதல் வசதி தரும் சின்ன நிரல்களை, அதாவது பிளக்-இன்களை) பட்டியலிட்டு, அத்தனையையும் நிறுவிக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வடிவமைப்பாளர். அந்த மென்பொருள் விண்டோஸ் கமாண்டர் என்ற பெயரில் இருந்த காலத்திலிருந்தே, அதாவது 2002இல் பெயர் மாறுவதற்கு முன்பிருந்தே, அதில்தான் என் பிழைப்பு. (எங்கள் அச்சகத்தில் பணம் கட்டியாயிற்று. கட்டாதவர்களிடம் அது திறக்கும்போதெல்லாம் 1, 2, 3 பொத்தான்களில் ஒன்றை அழுத்தச் சொல்லும்.) பிளக்-இன் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஆடி 18 அன்று புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதற்கு நான்கு நாள் இருக்கும்போது என் கணினி படுத்துவிட்டது. சரிசெய்ய வந்தவர் சி டிரைவைத் துடைத்து விண்டோஸை மீண்டும் போட்டார். நான் கவலைப்படவில்லை. டோட்டல் கமாண்டர் ஃபோல்டர், பிளக்-இன்கள் உட்பட, டி டிரைவில் பத்திரமாக இருந்தது. திறந்து பார்த்தால் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. எந்தப் பிளக்-இன் எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது என்ற விவரம் வின்சிஎம்டி.ஐஎன்ஐ என்ற சின்னக் கோப்பில் இருக்கிறது. அது என் பயனர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், சி டிரைவில் குடியிருந்திருக்கிறது. சரக்கெல்லாம் கிடங்கில் இருக்கிறது, பேரேடு மட்டும் போய்விட்டது.

ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க உட்கார்ந்தேன். மொத்தம் முப்பத்தொன்று. அவற்றில் நான் உண்மையில் பயன்படுத்தியவை ஐந்து என்று அன்றுதான் தெரிந்தது. மற்றவை உங்களுடையது போன்ற பட்டியல்களைப் பார்த்துச் சேர்த்தவை. அவை சும்மாவும் இருப்பதில்லை. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்க எஃப்3 அழுத்தினால், அதைக் காட்டும் பார்வைப் பிளக்-இன்களிடம் கோப்பு பட்டியல் வரிசைப்படிதான் போகிறது. 'எதுவானாலும் நான் திறக்கிறேன்' என்று முந்திக்கொள்ளும் ஒன்று மேலே இருந்தால், கீழே இருக்கும் நல்லதற்கு முறையே வராது. பல மாதங்களாக என் படங்கள் புரியாத எழுத்துக் குப்பையாகத் திறந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். நான் கோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்தில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்களிடம் முருகன் படம் மட்டும் நானூறுக்கு மேல் இருக்கிறது, பாதிக்கு மேல் கேமரா வைத்த பெயரிலேயே. கோப்பின் உள்விவரத்தைப் படிக்கும் பிளக்-இன் ஒன்று, படத்தின் பிக்சல் அளவையும் எடுத்த தேதியையும் பெயருக்குப் பக்கத்திலேயே தனிப் பத்தியாகக் காட்டுகிறது. பெரிய தாளுக்குத் தாங்காத படத்தைத் திறக்காமலே ஒதுக்கிவிடலாம். பல கோப்புகளின் பெயரை ஒன்றாக மாற்றும் கன்ட்ரோல்-எம் அழுத்தி, அதே தேதியைப் பெயரில் சேர்த்து நானூறையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். உங்கள் பட்டியலில் இந்த வகையே இல்லை.

நிறுவுவது எளிது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், ஜிப் கோப்பின் மேல் என்டர் தட்டினால் அதுவே கேட்டு நிறுவிக்கொள்ளும். அந்த எளிமையில்தான் எனக்குப் பயம். பிளக்-இன் என்பது வேறு பெயரில் வரும் டிஎல்எல், அதாவது இன்னொரு மென்பொருளுக்குள் ஏறி ஓடும் நிரல் கோப்பு. கமாண்டர் தொடக்கூடிய எதையும் அதுவும் தொடும். கண்ட இடத்திலிருந்து எடுத்து என்டர் தட்டக் கூடாது. 64 பிட் கமாண்டரில் 32 பிட் பிளக்-இன் ஏறாது என்பதையும் சொல்லியிருக்கலாம். உங்கள் பட்டியலை நம்பி என் தம்பி மகன் அரை நாளைத் தொலைத்தான்.

இப்போது வின்சிஎம்டி.ஐஎன்ஐ என்ற அந்த அமைப்புக் கோப்பையும் புரோகிராம் ஃபோல்டரிலேயே வைத்திருக்கிறேன். நிறுவும்போதே அப்படித் தேர்ந்தெடுக்கலாம். பிளக்-இன் பாதைகளில் 'டி' என்று தொடங்கிய இடங்களில் கமாண்டர் இருக்கும் ஃபோல்டரைக் குறிக்கும் கமாண்டர்_பாத் மாறியைப் போட்டுவிட்டேன். மூல ஜிப்கள் பக்கத்திலேயே தனி ஃபோல்டரில். பென் டிரைவில் அள்ளிக்கொண்டு எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் வேலை ஓடுகிறது.

அந்தப் பட்டியலைத் திருத்தி வெளியிடும் எண்ணம் இருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்த வகை, 64 பிட் உண்டா, எப்படி நீக்குவது என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஆண்டு ஆடிக்கு முன் வந்தால் எங்கள் தெருவிலேயே நாலு பேருக்கு உதவும்.

இப்படிக்கு,
காலண்டர் வடிவமைப்பாளர் ஒருவர்,
சிவகாசி.