இராத்திரியில் அடுப்பு அணைவது பற்றி மகளுக்கு

பேரணாம்பட்டு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு உன் வீட்டு அடுப்பு நினைப்புதான். உனக்கு நைட் டியூட்டி இருக்கிற நாளில் மாப்பிள்ளை பத்து மணிக்கு விறகை நிரப்பிவிட்டுப் படுக்கிறார், இரண்டு மணிக்கெல்லாம் தணல்கூட இல்லை, நீ காலையில் வரும்போது குழந்தை ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் கொடு, அடுப்பைப் பார்ப்பது அவர்தானே.

தோல் பதனிடுகிற ஷாப்பில் பாய்லர் பார்த்த காலம் முழுக்க நான் விறகைத்தான் எரித்தேன். கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் இருக்கிற உங்கள் இரும்பு அடுப்பை நான் தொட்டதில்லை. ஆனால் நீ வீடியோவில் காட்டியதைப் பார்த்தால், நெருப்புக்கு அங்கேயும் இதே கணக்குதான். விறகு சீக்கிரம் தீர்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நீங்கள் விடுகிற காற்றைத் தாண்டி வேறு வழியில் காற்று உள்ளே போகிறது. இல்லையென்றால் விறகு ஈரம், அது அணையாமல் இருக்க நீங்களே காற்று லீவரை முழுக்கத் திறந்து வைக்கிறீர்கள். எது என்று தெரியாமல் லீவரை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

முதலில் விறகு. கார்ட் கணக்கில் வாங்குகிறோம் என்றாய். ஒரு கார்ட் என்றால் 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளமுள்ள அடுக்கு, 128 கன அடி. இங்கே நாங்கள் லாரியோடு எடை மேடையில் ஏற்றி டன் கணக்கில் வாங்குவோம். எடைக்கு வாங்கும்போது பச்சை மரம் வந்துவிட்டால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். அளவுக்கு வாங்கும்போது லேசான மரம் வந்துவிட்டால், அடுக்கு பெரிதாகத் தெரியும், உள்ளே சரக்கு இருக்காது. உங்கள் ஊரில் லேசான ஸ்ப்ரூஸும் கெட்டியான மேப்பிளும் கலந்து வரும். காய்ந்த விறகு எந்த மரமானாலும் கிலோவுக்குக் கிலோ ஏறக்குறைய ஒரே சூடுதான் தரும். ஆனால் ஒரே அளவுக் கட்டையில் கெட்டியான சுகர் மேப்பிள், ஸ்ப்ரூஸைப் போல ஒன்றரை மடங்கு சூடு வைத்திருக்கும். இங்கே முருங்கைக்கும் கருவேலத்துக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியும். முருங்கை எரிந்தால் சாம்பல்தான், கருவேலம் எரிந்தால் தணல் நிற்கும். ஆம்பூர் பாய் வீட்டுக் கல்யாணத்தில் அண்டாவுக்கு அடியிலிருந்து நெருப்பை இழுத்துவிட்டு, தணலை மூடிமேல் அள்ளிப்போட்டு தம் போடுவார்களே, அந்தத் தணல்தான் உங்களுக்கும் இராத்திரி முழுக்க வேண்டும். அதனால் ஸ்ப்ரூஸைப் பகலுக்கும் பற்றவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். மேப்பிளையும் பர்ச்சையும் தனியாக எடுத்து இராத்திரிக்கு ஒதுக்குங்கள்.

ஈரம்தான் பெரிய விஷயம். பச்சை மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். கொதிக்கிற தண்ணீரை ஆவியாக்க மட்டுமே கிலோவுக்கு 540 கிலோகலோரி போகும். பாய்லர் பரீட்சைக்குப் படித்த எவனும் அந்த எண்ணை மறக்க மாட்டான். அந்தச் சூடு வீணாவதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு வாயுவாகக் கிளம்பித்தான் எரிகிறது. ஆவி கிளம்பி அடுப்பைக் குளிர வைத்தால் அந்த வாயு பற்றாமல் புகையாகவே போய்விடும். அது பற்ற வேண்டும் என்று காற்றைத் திறக்கிறீர்கள், திறந்தால் சூடு புகைக்கூண்டு வழியாகப் போகிறது, விறகும் தீர்கிறது. விற்றவர் காய்ந்தது என்றார் என்பதை நம்பாதே. ஈரம் பார்க்கிற சின்ன மீட்டர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். கட்டையின் வெளியில் குத்திப் பார்த்தால் பொய் சொல்லும். வீட்டுக்குள் வைத்திருந்த கட்டையை அப்போதே பிளந்து, உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சரி. 25, 30 என்று காட்டினால் உங்கள் தொல்லையின் பெரும்பகுதி அதுதான். மேப்பிளைப் பிளந்து அடுக்கி ஒரு வருஷமாவது காய வைக்க வேண்டும், ஓக் என்றால் இரண்டு வருஷம். மேலே மட்டும் மூடி பக்கவாட்டில் காற்றுப் போக விடுங்கள். தார்ப்பாயை முழுக்கச் சுற்றினால் உள்ளேயே புழுங்கும். அடுத்த குளிருக்கான விறகை இந்த வசந்தத்திலேயே வாங்கிவிடுங்கள்.

விறகு நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது என்றால் அடுப்பைப் பார்க்க வேண்டும். நீ சொன்னதில் ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். புகைக்கூண்டு சுத்தம் செய்த பிறகுதான் இப்படி என்றாய். அடுப்புக்குள் மேல்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை போட்ட குழாய்கள் தெரிகிறதல்லவா, அதற்கு மேலே ஒரு பலகை படுத்திருக்கும். நெருப்பு நேராகக் குழாயில் ஏறாமல் முன்பக்கம் சுற்றிப் போவதற்காக வைத்தது. சுத்தம் செய்கிறவர்கள் அதை நகர்த்துவார்கள். திரும்ப வைக்கும்போது பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டாலும் போதும், தீ குறுக்கு வழி பிடித்து நேரே மேலே போய்விடும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, டார்ச் வைத்துப் பாருங்கள். உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

அடுத்தது கதவுக் கயிறு. கதவின் உள்விளிம்பில் ஓடுகிற அந்தக் கயிறு வருஷம் போகப் போக நசுங்கி இறுகிவிடும். அடுப்பு ஆறியிருக்கும்போது கதவிடுக்கில் ஒரு நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார். உங்கள் ஊர் நோட்டு பிளாஸ்டிக், வழுக்கும். இங்கிருந்து கொண்டுபோன பத்து ரூபாய் நோட்டு பர்ஸில் இருந்தால் அதை வைத்துப் பார். சுற்றிலும் ஒவ்வொரு இடமாகப் பார்க்க வேண்டும். எங்கே தடையில்லாமல் வருகிறதோ அங்கே காற்று போகிறது. தாழ்ப்பாளைச் சரிசெய்தால் சில சமயம் போதும், இல்லையென்றால் உங்கள் மாடலுக்கு உரிய தடிமனில் புதுக் கயிறு ஒட்ட வேண்டும். சாம்பல் தட்டுக்குத் தனிக் கதவு இருந்தால் அதை இன்னும் கவனமாகப் பார். அடியிலிருந்து தணலுக்கு நேராகக் காற்றுப் போனால் கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஊதிவிடும். விறகு தீர்வது மட்டுமல்ல, இரும்பே வளைந்துவிடும். தகடுகள் சேருகிற மூட்டுகளுக்கு, அடுப்பு எரியும்போது ஊதுபத்தியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு போ. புகை எங்கே உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கே ஓட்டை.

இதெல்லாம் சரியாக இருந்தும் குளிர் அதிகமான இராத்திரிகளில் மட்டும் இன்னும் வேகமாக எரிகிறதா என்று யோசித்துச் சொல். அப்படியென்றால் புகைக்கூண்டின் இழுப்பு அதிகம். உள்ளே சூடு, வெளியே கடுங்குளிர், கூண்டு உயரம், மூன்றும் சேர்ந்தால் இழுப்பு கூடும். உங்களுடையது இரண்டு மாடியைத் தாண்டிப் போகிறது. இந்த மாதிரி அடுப்புகளுக்கு வழக்கமாக 12 பாஸ்கல் அளவு இழுப்பு போதும். பாய்லரில் நாங்கள் டேம்பரை, அதாவது புகைவழியை மறைக்கிற தகட்டைத் திருகி இழுப்பைக் கட்டுவோம். வீட்டு அடுப்புக் குழாயிலும் டேம்பர் வைக்கலாம். ஆனால் அதை மாப்பிள்ளை தானாகச் செய்ய வேண்டாம். அங்கே விறகு அடுப்பு வேலைக்கென்று வெட் (WETT) சான்றிதழ் வாங்கிய ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் இழுப்பை அளந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நிரப்புகிற விதமும் உண்டு. வீடியோவில் பார்த்தேன், மாப்பிள்ளை சின்னச் சின்னப் பிளவாக இடைவெளி விட்டு அடுக்குகிறார். பற்றவைக்க அது சரி. இராத்திரிக்கு அது ஆகாது, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தணலைக் கதவுப்பக்கம் இழுத்துவிட்டு, பெரிய கட்டைகளைப் பின்னால் நெருக்கமாக அடுக்கச் சொல். அப்போது முன்னாலிருந்து பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகும். சாம்பலை வழித்து எடுக்க வேண்டாம், ஓர் அங்குலம் இருந்தால் தணல் அதில் புதைந்து நிற்கும். காற்றைத் திறந்து வைத்து எல்லாக் கட்டையும் நன்றாகப் பிடித்த பிறகு, இரண்டு மூன்று தடவையாகக் குறைக்க வேண்டும். குறைத்ததும் மேல் குழாய்களின் ஓட்டையிலிருந்து தீ சோம்பலாக ஆடும். அது அணைந்து அடுப்பு முழுக்கப் புகை சூழ்ந்தால் சீக்கிரம் மூடிவிட்டீர்கள், கொஞ்சம் திறங்கள். வெளியே போய் கூண்டையும் பார்க்கச் சொல். வெள்ளை ஆவி கிளம்பிக் கரைந்தால் பரவாயில்லை. நீலமாக, சாம்பலாகப் புகை நின்றால் விறகு எரியவில்லை, வேகிறது.

இந்த இடத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். காற்றை அடைத்து, புகையவிட்டு, விடியும்வரை இழுக்கிற பழக்கம் அங்கே சிலருக்கு இருக்கலாம். யார் சொன்னாலும் நீங்கள் செய்யாதீர்கள். அந்தப் புகை கூண்டுக்குள் தாராகப் படியும், ஒரு நாள் படிந்தது பற்றிக்கொண்டால் வீடே போகும். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு பற்றி நர்ஸான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அலாரத்தை நீங்கள் படுக்கிற அறைக்குப் பக்கத்திலும் வை, பேட்டரி வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார். சாம்பலை மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டு வெளியே வை, மர டெக்கின் மேல் வைக்காதே. சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஒரு இராத்திரி, போடுகிற விறகைக் குளியலறை எடைக்கருவியில் நிறுத்துப் போடச் சொல். 10 கிலோ போட்டு நாலு மணி நேரத்தில் தீர்ந்தால் மணிக்கு இரண்டரைக் கிலோ. எட்டு மணி நேரம் வர வேண்டுமென்றால் மணிக்கு ஒன்றேகால் கிலோதான் எரிய வேண்டும். அப்போது மணிக்குக் கிடைக்கிற சூடும் பாதிதான். மிதமான குளிருக்கு அது போதலாம். மைனஸ் பதினைந்தில் உங்கள் வீட்டுக்கு அது போதாது என்றால், எந்த வித்தையாலும் அந்தச் சின்ன அடுப்பு விடியும்வரை வீட்டைக் காக்காது. ஒருவர் நடுவில் எழுந்து கட்டை போட வேண்டும், அல்லது கரண்ட் ஹீட்டர் கூட ஓட வேண்டும். காலையில் தீ தெரிய வேண்டும் என்றும் எதிர்பார்க்காதே. சாம்பலைக் கிளறினால் சிவப்பாகத் தணல் இருந்து, சுள்ளி போட்டதும் பிடித்துக்கொண்டால் அடுப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

முதலில் அந்தப் பலகை, பிறகு கயிறு, பிறகு ஈரம் என்று பார்த்துவிட்டு, பலகையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். பருப்புப் பொடி பார்சலில் போட்டாயிற்று என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்
அப்பா