நம் கிளப் நிர்வாகக் குழுவுக்கு: அந்தச் சிமெண்டை உரித்துவிடுங்கள்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

நம் நூலகச் சுவரில் நீங்கள் பூசிய சிமெண்ட் விஷயம் உங்களுக்குத் தெரியும். ஏற்கனவே மூன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். போன சனிக்கிழமைக்கு அப்புறம்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் மழை விட்டபின் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மேற்குச் சுவரில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். பொக்கென்று உடைந்து, ஈரமும் வெள்ளை உப்பும் விரலில் ஒட்டின. கீழ்த்தட்டில் ஒரு பழைய புத்தகத்தை உருவினால், பின்னட்டை சுவரோடு தங்கிவிட்டது. பக்கங்கள் மட்டும் கையோடு வந்தன.

விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம் இது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் மேலே சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தீர்கள். போக வழியில்லாத ஈரம் உப்போடு உள்ளேயே தங்கிக் காரையை அரிக்கிறது. தயவுசெய்து சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்புங்கள். நோட்டீஸ் போர்டுக்குப் பின்னால் தப்பித்த அந்த ஒற்றைத் தூணைத் தொட்டுப் பாருங்கள். பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த பளபளப்பு அது.

இப்போது வராந்தாவையும் கண்ணாடியால் அடைத்து ஏசி போடப்போகிறீர்களாம். "லண்டன் ரிஃபார்ம் கிளப்பிலேயே கண்ணாடி இருக்கிறதே" என்றார் உங்களில் ஒருவர். சரி, அதையே பார்ப்போம். கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரி (பறம்பு மலைப் பாரி இல்லை) ரோமிலுள்ள ஃபர்னேசே மாளிகையை மனத்தில் வைத்து அதைக் கட்டினார், 1841-இல் திறந்தார்கள். இத்தாலியில் வானம் பார்த்துக் கிடக்கும் நடுமுற்றத்துக்கு, லண்டன் குளிரையும் தூறலையும் நினைத்துக் கண்ணாடிக் கூரை போட்டார். நம் வராந்தாவைக் கட்டியவரும் இந்த ஊர் வெயிலை நினைத்துத்தான் கட்டினார். சுவரில் வெயில் படக்கூடாது, கடல்காற்று உள்ளே வரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதை அடைப்பதற்குப் பாரியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

உடை விஷயத்தில் மட்டும் சென்னை கிளப்புகள் ரொம்பக் கறார். வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. 2014-இல் அதற்காகச் சட்டமே போட வேண்டிவந்தது. இங்கே காலர் இல்லாத சட்டைக்கு அனுமதி கிடையாது, சுவருக்கு மட்டும் பிளாஸ்டிக் சட்டை! 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் மவுண்ட் ரோட்டில் இருந்த இடத்தில் இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் நிற்கிறது. நம்முடையதையும் இடித்துவிட்டால் பார்க்கிங்குக்காவது ஆகும்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன்.

வராந்தா வேலையை நிறுத்திவையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைக் கூப்பிட்டு, நூலகத்தின் மேற்குச் சுவரிலிருந்து சிமெண்டை உரிக்க ஆரம்பியுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை கீழ்த்தட்டுப் புத்தகங்களை வேறு அறைக்கு மாற்ற அனுமதி கொடுங்கள். ஆள் அனுப்ப வேண்டாம், நானே தூக்கிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நூலகத்து ஜன்னலோர நாற்காலிக்காரன்