தவணைக்கு முந்தைய இரவு: குமரி மாவட்ட மகளிர் குழு ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சகோதரிகளுக்கு,

வணக்கம். விளவங்கோடு வட்டத்து ஊர்களில் நெடுங்காலம் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். சர்க்கரை நோயைப் பற்றி எழுதுவதானால் மருத்துவத் துறைக்கல்லவா எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கப்போவது உங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு சிறு மாற்றம். அதை எந்த மருத்துவராலும் செய்ய முடியாது.

முந்திரி ஆலையில் பருப்புத் தோல் உரிக்கும் ஒரு சகோதரிக்கு, வெறும் வயிற்றில் எடுத்த சோதனையில் சர்க்கரை அளவு 118 வந்தது. 100 முதல் 125 வரை இருந்தால் நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். 126-ஐத் தொட்டு, மறுசோதனையிலும் அப்படியே வந்தால் நோய்தான். வழக்கம்போல் சீனியைக் குறைக்கவும் நடக்கவும் சொல்லி அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து, இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக அவருடைய குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கடன் தவணையில் முந்நூறு ரூபாய் குறைந்திருந்ததால் எல்லோர் முன்னிலையிலும் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. அவர் தலை நிமிராமல் பாஸ்புக்கின் ஓரத்தை விரலால் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: தவணைக்கு முந்தைய இரவு உறக்கம் வருவதே இல்லையாம், எழுந்து சீனி கூட்டிப் பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுக் குடிப்பாராம், கூடவே டப்பாவில் இருக்கும் ஏத்தங்காய் வறுவல். நான் சொன்ன அறிவுரை அந்த இரவை எட்டவே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கவலையும் அச்சமும் மூளும்போது உடல் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ வலு வேண்டும் என்று கருதிக் கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. பாம்பைக் கண்டு ஓடினால் அது செலவாகிவிடும். கடனை நினைத்துப் பாயில் புரண்டுகொண்டிருப்பவருக்கு அது எங்கே செலவாகும்? இது நாள்தோறும் தொடர்ந்தால் கார்டிசால், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்தி, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரவும் வழி செய்கிறது. உறக்கக் குறைவு இதை இன்னும் கடினமாக்குகிறது. மன அழுத்தம் தனியாக நோயைக் கொண்டுவந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை, உடல் எடை, உணவு, உழைப்பின்மை ஆகியவற்றோடு அதுவும் சேர்ந்து கொள்கிறது; இருந்தும் சோதனைச் சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

நம் மாவட்டத்தில் இந்தக் கவலை பல உருவங்களில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு மழை தொடர்ந்தால் கூலி இல்லை. நமக்கோ ஆண்டில் இரண்டு பருவமழை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியதற்குப் பிறகு, கடலுக்குப் போனவர் திரும்பும்வரை கண்ணயராத பெண்களைத் தூத்தூர்ப் பக்கத்து ஊர்களில் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் போய்க் கவலைப்படாதீர்கள் என்று சொல்வது எனக்கே கூசுகிறது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். கணக்கு நோட்டைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து வெளியே விடச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் படபடப்பு தணியும். இந்த வாரம் யார் சரியாக உறங்கவில்லை என்று கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். கூட்டம் முடிந்ததும் சானல் என்று நாம் சொல்லும் வாய்க்காலின் கரையோரமாகச் சேர்ந்து நடந்து வீடு திரும்புங்கள். மழை நாளானால் பள்ளி வராந்தா போதும். நடையின் பலனை எளிதாக எண்ணிவிட வேண்டாம்: இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்ற பெயரில் 2006-இல் வெளியான ஆய்வில், நோயின் வாசற்படியில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியதால் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர்கள் உங்கள் குழுக்களிலிருந்து வந்தவர்களே. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க அவர்களையே கூட்டத்துக்கு அழைக்கலாம். பேசியும் தீராத மனச்சுமை உள்ளவருக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, உங்களுக்குச் சற்றுக் கசக்கலாம். தவணை தவறாமல் வந்தால்தான் குழு நிற்கும் என்பதை நான் அறிவேன். பாக்கியைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியே அழைத்துக் கேளுங்கள் என்கிறேன். அடுத்த கூட்டத்தின் தீர்மான நோட்டில் இந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: "தவணை பாக்கி உள்ள உறுப்பினரின் பெயர் இனிக் கூட்டத்தில் வாசிக்கப்படாது."

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விளவங்கோடு வட்டம்.