உரக் கருத்தரங்குக்குப் பதிந்ததற்கு இத்தனை அழைப்புகளா?

அனுப்புநர்: செம்பனை (எண்ணெய்ப்பனை) சிறுதோட்டக்காரர்கள், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
பெறுநர்: விற்பனைப் பிரிவு மேலாளர்

ஐயா, வணக்கம்.

இங்கே நீங்கள் நடத்திய செம்பனை உரக் கருத்தரங்குக்குப் பதிந்தவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். நீங்கள் விற்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. உரம் எப்படியும் வாங்கத்தான் போகிறோம். விற்கும் விதம்தான் சரியில்லை.

முதலில் பெயர். உங்கள் பாரத்தில் 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று போட்டு அப்பா பெயர்தான் வரும். அதையே எழுதினோம். இப்போது, "மிஸ்டர் முனியாண்டி இருக்கிறாரா?" என்று போன் வருகிறது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. 'முழுப் பெயர்', 'எப்படி அழைக்கலாம்' என்று கேட்டிருந்தால் போதும்.

அடுத்தது போன் எண். ஒரே ஆளை ஒரே காலையில் மூன்று பேர் அழைக்கிறார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. எக்செலில் எண்கள் உள்ள பத்தியை எழுத்து வடிவில் வைக்காவிட்டால் 012-இன் முன்னால் உள்ள சுழியம் உதிர்ந்து 12 என்று நிற்கும். இன்னொரு பட்டியலில் அதே எண் நாட்டுக் குறியீடு 60 சேர்ந்து 6012 என்று இருக்கும். கணினிக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள். எல்லா எண்ணையும் 60-இல் தொடங்கும்படி மாற்றி, இரட்டித்தவற்றை நீக்கிவிட்டு, அதன்பிறகு ஆளுக்கு ஒரு விற்பனையாளரைப் பிரித்துக் கொடுங்கள். வாசலில் வாங்கிய கையெழுத்துப் பட்டியலோடும் ஒப்பிடுங்கள். வராதவர்களுக்கும் 'வந்து சிறப்பித்ததற்கு நன்றி' போயிருக்கிறது.

காலையில் குலை வெட்டும் நேரத்தில் அழைக்காதீர்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாள் தலைக்கு மேலே நிற்கும்போது பாக்கெட்டில் போன் அலறுவது விளையாட்டல்ல. மாலை 5-க்கு மேல் நல்லது.

எத்தனை ஏக்கர், மரத்தின் வயது என்ன என்று பாரத்திலேயே கேட்டீர்கள். எழுதிக் கொடுத்தோம். அழைப்பவர் மறுபடியும் அதையே கேட்கிறார். மரத்துக்கு 22 வயது என்று எழுதியவருக்குக் குலை வெட்டும் உளி விற்கப் பார்த்தார்கள். உளி கைக்கெட்டும் இளமரத்துக்கு. அந்த உயரத்துக்கு அரிவாள்தான். பதிலைப் படிக்கப் போவதில்லை என்றால் எதற்குக் கேட்டீர்கள்? எம்.பி.ஓ.பி. (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிமம் பழத்தை விற்பதற்குத் தேவை, கருத்தரங்கில் உட்காருவதற்கு அல்ல. அந்த எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

இதைவிட மோசம், கேட்காமலே எல்லாரையும் ஒரே புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டது. எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதே வாரம் ஊர்பேர் தெரியாத, கடன் கொடுக்கும் கும்பலிடமிருந்தும் செய்திகள் வரத் தொடங்கின. தொடர்பு உண்டா என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 43-ஆம் பிரிவின்படி, நேரடி விற்பனைக்கு எங்கள் விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி இக்கடிதத்தின் மூலம் எழுத்துபூர்வமாகக் கோருகிறோம். இணைப்பில் கையெழுத்திட்டுள்ள அனைவருக்கும் இது பொருந்தும். குழுவைக் கலையுங்கள், உரிம எண்களை அழியுங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் போகும்.

கருத்தரங்கில் தருவதாகச் சொன்ன உர அளவு அட்டவணை இன்னும் வரவில்லை. அதை மட்டும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பதிந்துகொண்டவர்கள்